திருப்பிக் கொடுக்க வேண்டிய சாமான்

காலையில் மண்டபத்து மாடியில் என் பாய்க்குப் பக்கத்தில் பாய் விரிக்கிற உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். வேறு யாரிடமாவது சொன்னால் கிழவிக்குப் பொழுது போகவில்லை என்பார்கள். நீங்கள் என் வயசுக்காரர்கள். உட்காரும்போது முட்டியைப் பிடித்துக்கொள்வதும், எழுந்திருக்கும்போது சுவரைத் தேடுவதும் உங்களுக்கும் உண்டு.

போன வாரம் சவாசனம் முடிந்து கண்ணைத் திறந்ததும் நம் யோகா டீச்சர் சொன்னாளே, நினைவிருக்கிறதா? "இந்த வாரம் ஆசனமெல்லாம் இருக்கட்டும்மா. வீட்டுக்குப் போயி ஒரு அலமாரியத் தொறங்க. ஒரு வருசமாத் தொடாதது எதுவோ அதைக் கையில எடுங்க. இது எனக்குத் தேவையான்னு கேளுங்க. தேவையில்லேன்னா சிரிச்ச முகத்தோட யாருக்காச்சும் குடுத்துருங்க. விடப் பழகுறதும் யோகாதான்." நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். மறுநாளே ஒருத்தர் காலி அலமாரியைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார். இன்னொருத்தர், "கல்யாணத்துக்கு வாங்குன பித்தளைச் சாமானெல்லாம் போயிருச்சு, மனசு அம்புட்டு லேசா இருக்கு" என்றார். என்னிடம் கேட்டபோது நான் முட்டிவலி என்று பேச்சை மாற்றினேன். கஞ்சப் பிசினாரி என்று நினைத்திருப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், உள்ளே நடப்பதற்கு ஒரு பாதை இருக்கிறது, அவ்வளவுதான். என் மகள் அதைக் குடோன் என்பாள்.

டீச்சர் சின்னப் பெண், நல்ல பெண். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் 'இது எனக்குத் தேவையா' என்று அவள் சொன்ன மாத்திரத்தில் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பயம் என்னை விடவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷத்து மார்கழி. இதே நாகல் நகர்தான், இப்போது நான் இருக்கும் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வாசலில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். அப்பாவுக்குக் கடைவீதியில் பூட்டுக் கடை. உள்ளங்கையில் அடங்கும் மாங்காய்ப் பூட்டிலிருந்து கோயில் கதவுக்குப் போடுகிற பெரிய பூட்டு வரை அங்கே தொங்கும். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அந்த மூலை முழுக்க இரும்பும் எண்ணெயும் மணக்கும். வீட்டில் அப்பா, அம்மா, நான். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் நடக்கப் பழகுவதற்குள் போய்விட்டார்கள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அப்பாவுக்குத் தீராத வயிற்றுவலி. சாப்பிட்டுச் செத்த நேரத்தில் குனிந்து சுருண்டுவிடுவார். ஆஸ்பத்திரி மருந்து, நாட்டு மருந்து, குலசாமிக்கு நேர்ந்துகொண்டது, எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு யோகா வாத்தியார் வந்து சத்திரத்தில் தங்கியிருந்தார். பக்கத்துக் கடைக்காரர் வற்புறுத்தி அப்பாவை அவரிடம் கூட்டிக்கொண்டு போனார். கார்த்திகை முடிவதற்குள் வலி நின்றுவிட்டது. அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு வாத்தியார் சொன்னதுதான் எங்கள் வீட்டில் சட்டம். அம்மாவும் அதை ஒத்துக்கொண்டாள். புருஷன் வலியில்லாமல் சாப்பிடுகிறாரே, வேறென்ன வேண்டும் அவளுக்கு?

வாத்தியார் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். பரணையும் அலமாரியையும் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வீடும் ஒரு உடம்புதானுங்க. செரிக்காதது வயித்துல கெடந்தா வயித்துக்கு நோவு. வேண்டாதது வீட்டுல கெடந்தா மனசுக்கு நோவு. சேத்து வைக்காம இருக்கறதுக்கு அபரிக்கிரகம்னு பேருங்க. ஆசனம் போடறதுக்கு முன்னாலயே அதைத்தான் பழகோணும்."

அப்பா அன்றைக்கு மத்தியானமே ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினார்.

முதலில் அவர் கண்ணில் பட்டது அந்த ஏணிதான். அது அடுத்த வீட்டு ஏணி. எப்போதோ வாங்கி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. வேலை முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்து, கையைத் தட்டிக்கொண்டு அம்மாவிடம் சொன்னார். "அடுத்தவங்ககிட்டருந்து வந்தது எதுவா இருந்தாலும் மொதல்ல அது திரும்பிப் போயிரணும். அப்புறந்தான் நம்மளோடது."

மாமா மறந்து வைத்துவிட்டுப் போன குடை போனது. எதிர் வீட்டு முறுக்குக் குழல் போனது. பாலசமுத்திரத்திலிருந்து பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, எப்போதோ கொடுத்தனுப்பிய வெண்கலப் பானையையும் ஊறுகாய் ஜாடியையும் ஜமுக்காளத்தையும் அப்பா சாக்கில் கட்டிப் பழனி பஸ்ஸில் ஏற்றினார்.

"அக்கா ஆசையாக் குடுத்தது. திருப்பிக் குடுத்தா கோவிச்சுக்காதா?" என்றாள் அம்மா.

"இதுல கோவப்பட என்ன இருக்கு? இங்கன இருந்தது, இனிமே அங்கன இருக்கும்."

பிறகு எங்களுடையவை போக ஆரம்பித்தன. பரணிலிருந்து தொட்டில் இறங்கியபோது அம்மா, "அது மட்டும் இருக்கட்டுங்க" என்றாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் அதைப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்தார். அன்றைக்கு அம்மா வெஞ்சனம் எதுவும் வைக்கவில்லை. வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டோம். நாற்காலி, சுவர்க்கடிகாரம், பாத்திரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கடிகாரம் இருந்த இடத்தில் சுவர் வட்டமாக வெள்ளையாக இருந்தது. வீடு காலியாகக் காலியாகச் சத்தம் பெரிதானது. அம்மா அடுப்படியில் கரண்டியை வைத்தால் வாசல் வரை கேட்டது.

என்னிடமும் வந்தார். நான் ஒரு தகர டப்பாவில் கடையிலிருந்து பொறுக்கி வந்த சாவிகளைச் சேர்த்து வைத்திருந்தேன். துருப்பிடித்தது, பல் உடைந்தது, வளைந்தது என்று டப்பா நிறைய இருக்கும். குலுக்கினால் சலங்கைச் சத்தம் வரும். கையில் நெடுநேரம் அந்த இரும்பு வாசனை நிற்கும்.

அப்பா குந்தி உட்கார்ந்து ஒரு சாவியை எடுத்துப் பார்த்தார். "இதுக்குப் பூட்டு இருக்கா ஆத்தா?"

"இல்லப்பா."

"அப்ப இது எதுக்கு?"

அதட்டவே இல்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். டப்பாவை நீட்டிவிட்டேன். அதன் பிறகு அவர் எதைப் பார்த்தாலும், பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாலும், அந்தக் கேள்விதான் எனக்குக் காதில் கேட்டது.

கடைசியாக வாசற்கதவுப் பூட்டைக் கழற்றினார். "பூட்டி வைக்கிறதுக்கு உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார். பூட்டுக் கடைக்காரர் வீட்டில் பூட்டு இல்லை என்று தெருவே சிரித்தது. எனக்கு அது சிரிப்பாக இல்லை. அம்மா தண்ணீருக்குப் போயிருக்கும் நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வருவேன். கதவு ஆவென்று திறந்து கிடக்கும். உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். அம்மா வரும் வரை நான் தெருவிலேயே பையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

இப்போது ஒரு தவிட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். உங்களில் பாதிப் பேரையாவது சின்ன வயசில் வீட்டில் சீண்டியிருப்பார்கள், "உன்னையத் தவிட்டுக்குத்தானடி வாங்குனோம்" என்று. நீங்கள் அழுதிருப்பீர்கள், அவர்கள் சிரித்திருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். என் விஷயத்தில் அது விளையாட்டில்லை. என்னை நிஜமாகவே தவிட்டுக்குத்தான் வாங்கினார்கள்.

இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனதால், நான் பிறந்ததும் என்னை முறத்தில் போட்டுக் கொல்லைப்புறமாக எடுத்துக்கொண்டு போய்ப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று தள்ளிவிட்ட பிள்ளை என்று கணக்கு. பெரியம்மா தெருவைச் சுற்றி என்னைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, "பிள்ளை வேணுமா?" என்று கேட்க வேண்டும். அம்மா ஒரு படி தவிட்டை அவள் முந்தானையில் கொட்டி என்னை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படியே செய்தார்கள். இது அவர்கள் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வந்த மலிவுப் பிள்ளை என்று எமனுக்குத் தோன்ற வேண்டுமாம். மூக்கையும் அன்றைக்கே குத்திவிட்டார்கள்.

பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. பாலசமுத்திரத்தில் தோட்டமும் தென்னையும் மாடும் உண்டு. கட்டிக்கொடுத்த ஊரின் பேச்சு அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வரும்போதெல்லாம் என் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்து, "என்ற புள்ளைதான் நீ. ஒரு படி தவுட்டுக்கு உங்கம்மாகிட்டக் குடுத்துப்போட்டேன், ஏமாந்துட்டேன் கண்ணு" என்பாள். அதுவரை நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த மார்கழியில் ஒருநாள் தரையில் படுத்துக்கொண்டு, வீட்டில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவிடமிருந்து வந்த பானை போய்விட்டது. ஜாடி போய்விட்டது. ஜமுக்காளம் போய்விட்டது. அங்கிருந்து வந்ததில் திரும்பிப் போகாதது நான் ஒருத்திதான். அப்பா மறந்திருக்கிறார், ஞாபகம் வந்தால் அனுப்பிவிடுவார் என்று தோன்றியது. அவருக்கு ஞாபகம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவிடம் கேட்கலாம்தான். கேட்டால் அதுவே ஞாபகப்படுத்திவிடுமே! யாரிடமும் சொல்லவில்லை.

எது போகிறது, எது தங்குகிறது என்று கவனித்தேன். தினமும் கைபடுகிற பொருளை அப்பா தொடுவதில்லை. சோற்றுப் பானையைத் தொடவில்லை, துடைப்பத்தைத் தொடவில்லை. சும்மா கிடப்பதுதான் போனது. அதனால் நான் சும்மா கிடக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பனி விலகுவதற்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்தேன். அப்பா ஆசனம் போடப் பாயை விரித்தேன், சுருட்டினேன், துண்டை நீட்டிக்கொண்டு நின்றேன். சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். நம்ம ஊரில் தண்ணீர்க் கஷ்டம் என்றைக்கு இல்லை? வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை இடுப்பில் வைத்து நடக்கும்போது பாதி என் பாவாடையில்தான் இறங்கும். ஈரப் பாவாடையோடேயே அடுத்த நடைக்கு ஓடுவேன். மார்கழிக் காற்றில் பல் தந்தியடிக்கும். ஒரே இடத்தில் ரொம்ப நேரம் உட்கார மாட்டேன். உட்கார்ந்த இடத்தில் தூசி படிந்தால் அப்பா கண்ணில் பட்டுவிடும் என்று எனக்கு ஒரு கணக்கு. இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அப்போது ஒரு நாளும் சிரிப்பு வரவில்லை.

"ஏண்டி, யாரு உன்னைய இம்புட்டு வேலை பாக்கச் சொன்னா?" என்றாள் அம்மா.

"நான் சும்மா இல்லம்மா. பாத்தியா, நான் சும்மாவே இல்ல" என்றேன், அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. காத்துக் கறுப்பு பட்டிருக்குமோ என்று கூட்டிக்கொண்டு போய் மந்திரித்துத் திருநீறு போட்டுவந்தாள். அப்பாவுக்கு மட்டும் பெருமை. தன் மகளுக்கும் யோகம் பழகிவிட்டது, சுறுசுறுப்பாகிவிட்டாள் என்று கடையில் சொல்லிக்கொண்டாராம்.

அதற்குள் வாத்தியார் மறுபடியும் வந்தார். வெறும் சுவர்களைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். நான்தான் பால் செம்பை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இத்தனை நாள் போனது சுலபமுங்க. வேண்டாததைக் குடுக்கறதுல என்ன பெருமை? கேட்டாக் குடுக்க மனசு வராது பாருங்க, அதுதான் உங்களைக் கட்டிப் போட்டிருக்குது. அது என்னன்னு யோசிச்சுப் பாருங்க" என்றார்.

அப்பா யோசித்தார். யோசித்துக்கொண்டே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். வாத்தியாரும் பார்த்தார். "ஆமாமுங்க, பிள்ளைப் பாசந்தான் எல்லாத்துக்கும் பெருசு" என்று சிரித்துக்கொண்டு எழுந்தார். அவர் எதையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. பேச்சோடு பேச்சாகச் சொன்னது. ஆனால் அப்பா சிரிக்கவில்லை. காலிச் செம்போடு நான் அடுப்படிக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இரவல் சாமானும் நான்தான், கட்டிப் போட்டிருப்பதும் நான்தான். எந்தப் பக்கம் போனாலும் வழி அடைத்துவிட்டது.

இன்னும் அதிகமாகத் தண்ணீர் எடுத்தேன். இரண்டே நாளில் காய்ச்சலில் விழுந்தேன்.

நல்ல காய்ச்சல். கண்ணைத் திறந்தால் மேலே விட்டம் ஆடியது. அம்மா ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டாள். அப்பா அறைக்குள் வரவில்லை. நிலைப்படியில் நின்று பார்த்தார். ஒரு சாமானைப் பார்ப்பது போல அவர் வெகுநேரம் பார்த்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. "நான் எந்திரிச்சிருவேன்பா. நாளைக்குத் தண்ணி எடுத்துருவேன்" என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் கடையைத் திறக்காமல் பழனி பஸ் ஏறினார் என்று அம்மா அடுத்த வீட்டு அக்காவிடம் சொன்னது படுக்கையில் கேட்டது. பழனிக்கு எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, முருகனுக்கு வேண்டிக்கொள்ளப் போயிருப்பார் என்று நினைத்தாள். பாலசமுத்திரம் பழனிக்குப் பக்கம் என்பது எனக்குத் தெரியும்.

காய்ச்சல் விட்டு நான் எழுந்து நடமாடிய சமயம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. மிச்சமிருந்த சாமான்களை எல்லாம் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் மலை மாதிரி குவிந்திருந்தது. எங்கள் வாசலில் ஒரு கூடைக்குள் அடங்கிவிட்டது. உள்ளே சுண்ணாம்பு கொதிக்கிற வாடை. அப்பா வெள்ளையடிக்கிற மட்டையும் கையுமாக எட்டிப் பார்த்துச் சொன்னார், "தாயி, நீ சாமானோட போயி நில்லு. யாரும் எடுத்துட்டுப் போயிறாம."

சாமானோடு எப்படி நிற்பது? போகிறதா தங்குகிறதா என்று பார்க்கிற இடமே அதுதானே! நான் கூடையைத் தொடாமல் ஒரு கையகலம் தள்ளி நின்றேன். நான் இதைச் சேர்ந்தவள் இல்லை, காவல் காக்கிறவள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று கையில் ஒரு குச்சியை வேறு வைத்துக்கொண்டேன்.

அப்போது பார்த்து, எங்கள் வீட்டுச் சாமான்களை வழக்கமாக அள்ளிக்கொண்டு போகிற பழைய சாமான்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். கூடையைக் காலால் லேசாக நகர்த்திப் பார்த்தார். அதில் ஒன்றும் தேறவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி உள்ளே குரல் கொடுத்தார்.

"என்ன மொதலாளி, இந்தவாட்டி ஒண்ணுமில்லையா? இந்தப் பாப்பாவ வேணா ஏத்திக்கிறவா?"

அப்பா உள்ளிருந்து சிரித்துக்கொண்டே பதில் சொல்வார், 'போய்யா' என்பார் என்று காத்திருந்தேன். உள்ளே மட்டை அடிக்கிற சத்தம் நின்றது. சிரிப்புச் சத்தம் வரவில்லை. நான் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினேன். தெருமுனை வரை ஓடி, இரயில்வே தண்டவாளம் தெரிகிற இடம் வரை ஓடி, மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். அம்மா தேடி வந்து இழுத்துக்கொண்டு போனாள். எதற்கு ஓடினாய் என்று கேட்டு முதுகில் ஒன்று வைத்தாள். அந்த அடி எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

நம்ம பக்கம் போகி என்றால் காப்புக் கட்டுதானே. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் சேர்த்து அப்பா கூரையில் செருகிக்கொண்டிருந்தபோது பெரியம்மா வந்து இறங்கினாள். கையில் ஒரு தகரப் பெட்டி. புதுசு, பச்சைப் பெயிண்ட் வாசனை அடித்தது. நடக்கும்போது அது இடித்துக்கொண்டு வந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அதற்குள் ஒன்றும் இல்லை.

ஊருக்கு வருகிறவர்கள் யாராவது காலிப் பெட்டியோடு வருவார்களா? நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியம்மா தண்ணீர் குடித்தாள். என்னைப் பார்த்தாள். மூக்குத்தியைத் தொட வரவில்லை. அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை மதினியோட போயி இருக்கட்டும். அங்கனயே பள்ளிக்கூடம் இருக்கு. இனிமே அவுங்க பிள்ளையா இருக்கட்டும். நம்ம மனசார விட்டுருவோம்."

அம்மா சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். அப்புறம் பெட்டியைப் பார்த்தாள். குனிந்து அதன் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே என் அளவுக்குத் தைத்த ஒரே ஒரு பாவாடை இருந்தது. அவள் மூடியை அடித்து மூடினாள்.

"என்னக்கா இது? எம் பிள்ளையக் கேக்கத்தான் வந்தியா? காப்புக் கட்டுற நாளாப் பாத்தா வந்த?"

"நானாக் கேக்குல கண்ணு" என்றாள் பெரியம்மா. "சாமி சத்தியமா நானாக் கேக்குல. உன்ற ஊட்டுக்காரரு வந்துதான் கூப்புட்டாரு. ஊட்டுல நீயும் சம்மதிச்சாச்சுன்னு சொன்னாரு."

அந்த இடத்தில் என் பயம் எல்லாம் நின்றுவிட்டது என்றால் நம்புவீர்களா? பயப்படுவதற்கு இனி என்ன இருக்கிறது? நான் நினைத்ததெல்லாம் நிஜம். அப்பாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா அப்பாவிடம் போய் நின்றாள். அவள் அவர் முகத்துக்கு நேராக நின்று பேசி நான் பார்த்ததே இல்லை.

"எல்லாத்தையும் குடுத்தீங்க. தொட்டிலக் குடுத்தீங்க. குறுக்க நின்னேனா? உங்களுக்கு வலி நின்னாப் போதும்னு இருந்தேன். இவ உங்க சாமான் இல்ல. நீங்க அன்னைக்கு வீட்டுக்குள்ளயே இல்ல. எங்கக்கா முந்தானையில தவிடு அளந்து போட்டு நான் வாங்குனவ இவ. நான் வாங்குனதக் குடுக்க நீங்க யாருங்க?"

"இங்கன இருந்தா…" என்று அப்பா ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கூரையில் பாதி செருகிய வேப்பிலை அப்படியே இருந்தது. அவர் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

பெரியம்மா அன்றைக்கே கிளம்பிவிட்டாள். பொங்கலுக்கு இருந்துவிட்டுப் போ என்று அம்மா சொன்னாள், அவள் கேட்கவில்லை. பாவாடையை மட்டும் எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே சத்தத்தோடு தெருவில் போனாள்.

தை பிறந்து வாத்தியார் வேறு ஊருக்குப் போய்விட்டார். அப்பா ஆசனத்தை விடவில்லை. ஆனால் வீட்டிலிருந்து அதற்கு மேல் எதுவும் போகவில்லை, அவர் எதையும் கையில் எடுத்துப் பார்க்கவும் இல்லை. என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. படிக்க வைத்தார், நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார். இருந்தாலும் அவர் "ஆத்தா, இங்கன வா" என்று கூப்பிட்டால், அம்மா வீட்டில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அப்படித்தான். தாய்வீட்டுக்குப் போனால் என் பையைப் பிரிக்கவே மாட்டேன். அவரும் என்னிடம் ஓரிரு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். பாசத்தை விட்ட மனுஷன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் ஒரு கிழிந்த துணியைக்கூட நான் தூக்கிப் போடுவதில்லை என்று என் மகள் சண்டை போடும்போது என்னால் காரணம் சொல்ல முடிந்ததில்லை.

அம்மா ஒருநாள் என் வீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பேச்சு வந்தது. அந்தப் பேச்சில்தான் சொன்னாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"உங்கப்பாவுக்குக் காய்ச்சல்னாலே கையும் ஓடாது காலும் ஓடாது. மொதல் ரெண்டும் காய்ச்சல்லதான போச்சு, ரெண்டும் அவரு மடியிலதான் போச்சு. அந்த மார்கழியில உனக்குச் சுட்டதும் அரண்டுட்டாரு. இந்த வீட்டுல நம்ம பிள்ளையா இருந்தா நீயும் தங்க மாட்டேன்னு மனசுல விழுந்துருச்சு. வேற வீட்டுப் பிள்ளையாயிட்டா உசுரோடயாச்சும் இருப்பேன்னுதான் அக்காகிட்டப் போயி நின்னாரு. விடுறேன், யோகம்னு சொன்னதெல்லாம் வெளிய சொல்லிக்கிட்டது. அப்புறம் உங்கிட்ட வந்து பேசவே அவருக்குப் பயம்."

அவர் என்னைக் கொடுத்துவிடுவார் என்று பயந்துதான் நான் அந்தக் குளிரில் தண்ணீர் தூக்கினேன். தண்ணீர் தூக்கித்தான் காய்ச்சலில் விழுந்தேன். அந்தக் காய்ச்சலைப் பார்த்துப் பயந்துதான் அவர் என்னைக் கொடுக்கப் போனார். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு இரண்டு பேரில் ஒருத்தராவது வாயைத் திறந்திருக்கலாம்.

அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அது சாகிற காய்ச்சல் இல்லையப்பா, ஈரப் பாவாடையோடு சுற்றியதால் வந்தது, அவ்வளவுதான் என்று. எட்டி நடந்தால் செத்த நேரத்தில் போய்விடக்கூடிய தூரம்தான் தாய்வீடு. ஆனால் அம்மா என்னோடு வந்து இருந்ததே அந்த வீட்டில் அவர் இல்லாமல் போனதால்தான்.